உடம்புக்கு ஒரு வரிசை, மனசுக்கு ஒரு வரிசை

மதுரையில் பெரியாஸ்பத்திரி என்றால் கோரிப்பாளையத்தில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனைதான். உசிலம்பட்டி, மேலூர், பேரையூர்ப் பக்கத்திலிருந்தும், சிவகங்கை, ராமநாதபுரம், தேனி மாவட்டங்களிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்து அங்கே சீட்டு வாங்க நிற்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் சொல்லும் தொல்லைகள் ஒன்றுபோலவே இருக்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. கை கால் உளைச்சல். தலை கிறுகிறுக்கிறது. அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வந்து தொண்டையை அடைக்கிறது. உடம்பெல்லாம் எரிகிறது, ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. இதே பேச்சை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம், தெருமுனை கிளினிக்கிலும் கேட்கலாம். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, வயிற்று ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் குறையில்லை. ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குவதே பெரும்பாடாக இருக்கும் மருத்துவர், “உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்.

ஒண்ணுமில்லாத உடம்பு ஏன் இப்படிப் படுத்துகிறது என்று யோசித்துக்கொண்டே அந்தப் பெண் வெளியே வருகிறார். அடுத்த மாதம் வேறொரு டாக்டர், வேறொரு ஸ்கேன், தோட்டை அடகு வைத்த பணம். இடையில் பாண்டி கோயிலுக்கு ஒரு நேர்ச்சை, கோரிப்பாளையம் தர்காவில் மந்திரித்த ஒரு கயிறு. புருஷன் குடித்துவிட்டு அடிப்பதையும், மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கட்ட முடியாததையும், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அழுகை வருவதையும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவராகச் சொல்லவும் இல்லை. ஆஸ்பத்திரியில் சொல்வதற்குரிய விஷயம் உடம்புதான் என்று அவர் நினைத்திருக்கிறார்.

இது ஒரு திசை. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற ஒருவர் நடைப்பயிற்சியை விடுகிறார், பிறகு மாத்திரையை விடுகிறார், பிறகு வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொள்கிறார். அது எதிர்த் திசை. மனநோய்க்குப் பல வருடம் மருந்து சாப்பிட்டுவரும் ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது என்றால், “அவன் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருப்பான்” என்று வீடும் ஆஸ்பத்திரியும் தட்டிக்கழிப்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனநலத்துக்கும் உடல்நோய்க்கும் உள்ள தொடர்பு விளங்கும். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இத்தொடர்பு பற்றிய அடிப்படை அறிவு நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது. எப்படிச் சேர்த்து மருத்துவம் பார்ப்பது என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. குறை, இரண்டையும் தனித்தனி வரிசையில் நிறுத்தி வைத்திருக்கும் நம் ஏற்பாட்டில் இருக்கிறது.

மதுரைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. தலைவி மெலிகிறாள், நெற்றியில் பசலை படர்கிறது, வளை கழன்று விழுகிறது, உறக்கமில்லை. தாய் கலங்கிப்போய்க் கட்டுவிச்சியை அழைத்து நெல்லைப் பரப்பிக் குறி கேட்கிறாள். வேலன் வந்து, இது முருகனால் வந்த வருத்தம் என்கிறான். களம் அமைத்து, மறி அறுத்து, ஆடுகிறார்கள். நோய்க்குக் காரணம் பிரிவு என்பது தோழி ஒருத்திக்குத்தான் தெரியும். இது இலக்கிய மரபு. மருத்துவக் குறிப்பாக இதை வாசிக்கக் கூடாது. ஆனாலும் மெலிவு, நிறம் மாறுதல், உறக்கக் கேடு, உணவில் நாட்டமின்மை என்று உடம்பில் தெரியும் அடையாளங்களை அந்தப் புலவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது வியக்க வைக்கிறது. மனத்தின் வருத்தம் உடம்பில் ஏறும் என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. தாயும் வேலனும் காரணத்தைத்தான் தவறவிடுகிறார்கள், அதுவும் அந்தப் பெண்ணிடம் கேட்காததால்.

காரணத்தைத் தவறவிடுவதில் நவீன மருத்துவத்துக்கும் பங்குண்டு. 1950இல் சிகாகோவில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர், மனத்துக்குள் அடக்கிவைத்த முரண்களால் வரும் நோய்கள் என்று ஏழைப் பேசினார்: வயிற்றுப்புண், ஆஸ்துமா, முடக்குவாதம், பெருங்குடல் புண், உயர் ரத்த அழுத்தம், தோல் அழற்சி, தைராய்டு மிகைச் சுரப்பு. பல பத்தாண்டுகள் இந்தப் பட்டியலுக்குச் செல்வாக்கு இருந்தது. வயிற்றுப்புண் என்றால் “கவலையைக் குறையுங்கள்” என்பதே அறிவுரை. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் வயிற்றுப்புண் நோயாளிகளின் இரைப்பையில் ஹெலிகோபாக்டர் என்னும் பாக்டீரியாவைக் கண்டார்கள். நம்ப மறுத்தவர்களுக்காக மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கவலைப்படாதே என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன நோயாளிகளுக்கு உண்மையில் தேவைப்பட்டது கிருமிக்கொல்லி மருந்து.

அந்த ஏழில் ஒன்றான முடக்குவாதம்தான் மதுரையின் மிகப் புகழ்பெற்ற மருத்துவரையும் படுக்கையில் தள்ளியது. அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய கோ. வெங்கடசாமி ராணுவ மருத்துவராக இருந்தபோது முடக்குவாதத்தால் 1948இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். நீண்ட காலம் எழுந்து நடமாட முடியவில்லை. விரல்கள் கோணிப்போயின. பிறகு கண் மருத்துவம் படித்து, அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் தொடங்கியது. முடக்குவாதம் என்பது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் மூட்டுகளையே தாக்குவதால் வருவது என்று இன்று தெரியும். மனத்தை அடக்கியதால் வந்ததென்று அவரிடம் யாரேனும் சொல்லியிருந்தால் அது அநியாயம். அதே அளவு அநியாயம், அவருடைய கதையை மற்ற நோயாளிகளிடம் தடியாக நீட்டுவது. “அவர் எழுந்து நிற்கலையா, உனக்கு மனதிடம் பத்தாது” என்கிற பேச்சை நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். வலியோடு வாழ்பவருக்கு மனச்சோர்வு வருவது கோழைத்தனம் அல்ல. வலி, உறக்கமின்மை, உடலின் அழற்சி ஆகியவை மூளையின் மேல் செய்யும் வேலை அது.

எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். மனம் அச்சத்திலோ ஓயாத கவலையிலோ இருக்கும்போது மூளையின் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி என்று கட்டளை இறங்கிக் கார்ட்டிசால் சுரக்கிறது. ஆபத்து நேரத்தில் அது உடம்பைக் காக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், அழுத்தத்தைக் கூட்டும், உறக்கத்தைக் கெடுக்கும். எதிர்ப்பக்கமிருந்து, உடம்பில் அழற்சி இருந்தால் அதில் உருவாகும் வேதிப்பொருட்கள் மூளையை எட்டிச் சோர்வையும் ஆர்வமின்மையையும் தருகின்றன. இதற்கு நல்ல சான்று, மஞ்சள் காமாலை சி வகைக்கு முன்பு போடப்பட்ட இன்டர்ஃபெரான் ஊசி. நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் அந்த மருந்து, முன்பு மனச்சோர்வே இல்லாதிருந்த பலருக்கும் அதைக் கொண்டுவந்தது.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது உறக்கம். மதுரையைத் தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், ராத்திரி முழுக்கப் புரோட்டாக் கல் முன் நிற்கிறவர், தென்மாவட்டப் பஸ்களை ஓட்டுகிறவர், மல்லிகை மொட்டெடுக்க இருட்டிலேயே எழுகிற பெண் ஆகியோருடைய தூக்கத்தை விலையாகக் கொடுத்து வந்த பெருமை அது. நல்ல உடல்நலத்தோடிருந்த 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 1999இல் லான்செட் இதழில் வந்தது. அந்த ஆறு நாளிலேயே சர்க்கரையைக் கையாளும் அவர்களுடைய உடல்திறன் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்திருந்தது. உறக்கக் கேடு மனச்சோர்வின் அறிகுறி மட்டுமல்ல, அதைக் கொண்டுவரும் காரணங்களில் ஒன்றும்கூட. ராத்திரி வேலைக்காரர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு இந்த நகரத்துக்குத்தான் முதலில் வேண்டும் என்பது என் எண்ணம்.

சர்க்கரை நோய் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். நமக்கு நேரடியாகப் பயன்படும் சான்று இங்கேதான் குவிந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேரளவு ஆய்வு 2023இல் வெளியானபோது நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் இருபது வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம். மனச்சோர்வின் பக்கம் வந்தால், சென்னையில் 25,455 பேரிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வு 15.1 சதவீதம் பேரிடம் அதன் அறிகுறிகளைக் கண்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், வருமானம் உள்ளவர்களைவிட இல்லாதவர்களிடமும் மிகுதி. சர்க்கரை உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மனச்சோர்வு உள்ளவருக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பும் கூடுதல் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. இரண்டும் சேர்ந்துவிட்டால் சர்க்கரை அளவு கட்டுக்குள் நிற்பது கடினம். மனம் சோர்ந்தவர் சோறா சப்பாத்தியா என்று பார்த்துச் சாப்பிடமாட்டார், பாதத்தில் புண் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கமாட்டார், கண் பரிசோதனைக்கான நாளை மறந்துவிடுவார். இதை “பத்தியமில்லாத ஆள்” என்று குற்றம் சாட்டி முடித்துவிடுகிறோம்.

இதற்கு என்ன செய்யலாம் என்று சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு ஊர்ச் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் 404 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. அனைவரும் சர்க்கரை நோயாளிகள்; சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது கட்டுக்குள் இல்லை, மனச்சோர்வும் இருந்தது. பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப்பேருக்குக் கூடுதலாக ஒரு பராமரிப்பாளர். அவர் மருத்துவர் அல்ல. நோயாளியோடு அடிக்கடி பேசுவது, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது, மனநிலையை அளந்து குறித்துக்கொள்வது அவர் வேலை. மனநல மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் அவருடைய குறிப்பேட்டைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து மருந்தை மாற்றச் சொல்வார்கள். இரண்டு வருடம் கழித்து, மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது நன்கு இறங்கியவர்கள் அந்தப் பிரிவில் 71.6 சதவீதம்; வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 57.4 சதவீதம். 2020இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இது வெளியானது. புதிய மருந்து எதுவும் இல்லை. ஒரே ஆள் இரண்டையும் விசாரித்தார், இரண்டு டாக்டர்கள் ஒன்றாகப் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான் நடந்தது.

இதய நோய் பற்றிய சான்று இவ்வளவு நேரானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்து மாண்ட்ரியலில் சேர்க்கப்பட்ட 222 பேரைப் பின்தொடர்ந்த 1993ஆம் ஆண்டு ஆய்வில், மனச்சோர்வு இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல், மன நெருக்கடியும் மனச்சோர்வும் புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய மாரடைப்புக் காரணிகள் என்று காட்டியது. அப்படியானால் மனச்சோர்வைச் சரிசெய்தால் மாரடைப்பு மரணம் குறைய வேண்டுமே? 2003இல் வெளியான பெரிய அமெரிக்கச் சோதனையில் சுமார் 2,500 மாரடைப்பு நோயாளிகளில் பாதிப்பேருக்கு ஆலோசனைச் சிகிச்சை தந்து, மீதிப்பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மனச்சோர்வு ஓரளவு குறைந்தது. மரணமும் மறு மாரடைப்பும் குறையவில்லை. மனத்தைச் சரிசெய்தால் எல்லா நோயும் பறந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எனக்கு அந்த முடிவு ஏமாற்றம் தரவில்லை. மாரடைப்பிலிருந்து மீண்டவர் மிச்ச வாழ்நாளை அழாமல் வாழ்வதற்கே அந்தச் சிகிச்சை தகும். இதயத்துக்கு லாபமுண்டா என்று கணக்குப் பார்த்துத்தான் அதைத் தர வேண்டுமென்பதில்லை.

காசநோய்க்கு வருவோம். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட தோப்பூரில், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. காசநோய் என்று தெரிந்ததும் தட்டையும் டம்ளரையும் தனியே வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மெலிவு, பசியின்மை, சோர்வு, உறக்கக் கேடு என்று காசநோயின் அறிகுறிகளும் மனச்சோர்வின் அறிகுறிகளும் ஒன்றின்மேல் ஒன்று படிவதால் பின்னது கண்ணில் படுவதேயில்லை. மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதற்கு மனச்சோர்வும் குடியும் முக்கியமான காரணங்கள். மருந்திலும் ஒரு முடிச்சு உண்டு. காசநோய்க்கான ஐசோனியசிட் அரிதாகச் சிலருக்கு மனக்குழப்பத்தைத் தரும்; மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின் இன்னும் அதிகமாகத் தரும். இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் வரலாற்றில் உண்டு. 1952இல் நியூயார்க்கின் சீ வியூ காசநோய் மருத்துவமனையில் ஐப்ரோனியசிட் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, நெடுநாள் படுத்துக் கிடந்த நோயாளிகள் உற்சாகம் கொண்டு வார்டிலேயே ஆடினார்கள். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்று அப்படித்தான் கிடைத்தது. நெஞ்சு நோய்க்கும் மனநோய்க்கும் இடையே சுவர் எழுப்பிய மருத்துவத்துக்கு, அச்சுவரைத் தாண்டித்தான் புதிய வழி தெரிந்திருக்கிறது.

மனநோய் என்று முத்திரை குத்துமுன் பார்க்க வேண்டியவை சிலவும் உண்டு. தைராய்டு குறைந்தால் சோர்வும் மறதியும் வரும். முற்றினால் பிறர் காணாதவற்றைக் காணும் நிலைகூட வரும் என்று லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1949லேயே எழுதினார். நம் பெண்களிடம் மலிந்து கிடக்கும் ரத்தசோகையும், பி12 சத்துக் குறைவும், பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு மாற்றமும் மனச்சோர்வின் வேடத்தில் வரும். முதியவர் ஒருவர் திடீரென்று உளறினால் மூத்திரத் தொற்று, சோடியக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். “எல்லாம் மனசுதான்” என்பதும் “ஒண்ணுமில்லை” என்பதும் ஒரே தவறின் இரு வடிவங்கள்.

தீவிர மனநோய் உள்ளவர்களின் உடம்பைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியுமுன், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவ்வூர்த் தர்காவுக்கு நோய் தீர வந்தவர்களை நம்பி அங்கே முளைத்திருந்த காப்பகங்கள் ஒரு வாரத்தில் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்கிறது. உடல்நோய்க்குக் கிடைக்கும் அதே தரத்தில் மனநோய்க்கும் சிகிச்சை தர வேண்டும் என்கிறது.

ஏர்வாடியை வைத்துக்கொண்டு கோயில், தர்கா எல்லாவற்றையும் கொடுமைக்கூடம் என்று சொல்லிவிட முடியாது. திண்டுக்கல் மாவட்டக் கிராமக் கோயில் ஒன்றில், முத்துசாமி சன்னிதியில் வந்து தங்கிய 31 பேரைப் பெங்களூரு மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். பெரும்பாலோர் தீவிர மனநோய் உள்ளவர்கள். அங்கே மருந்தில்லை, சங்கிலியுமில்லை. குடும்பத்தோடு தங்கி, கோயில் வேலைகளில் பங்கெடுத்து, மற்றவர்களோடு சேர்ந்து உண்டார்கள். சில வாரங்களில் நோயின் கடுமை ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு இல்லாத சிறிய ஆய்வு இது. மருந்தை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போங்கள் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டக் கூடாது. ஆனால் அடியில்லாத, பயமில்லாத, நேரத்துக்குச் சோறும் உறக்கமும் உள்ள ஓர் இடம் நோயாளிக்கு என்ன தரும் என்பதை இது காட்டுகிறது. ஏர்வாடியிலேயே பிற்காலத்தில் பிரார்த்தனையோடு மருந்தையும் சேர்த்துத் தரும் அரசுத் திட்டம் வந்திருப்பது இந்த வழியில்தான்.

மனச்சிதைவு, இருதுருவ நோய் போன்றவை உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருடம் முன்பே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் இதய நோய், சர்க்கரை, நுரையீரல் நோய் என்று எல்லாரையும் கொல்லும் அதே நோய்கள்தான். பீடி, நடமாட்டமின்மை, வறுமை ஒருபுறம். எடையையும் சர்க்கரையையும் ஏற்றும் ஓலன்சபின், க்ளோசபின் போன்ற மருந்துகள் மறுபுறம். அந்த மருந்துகள் வேண்டாம் என்பதல்ல. அவை பலரை வீட்டுக்கும் வேலைக்கும் திரும்ப அழைத்து வந்திருக்கின்றன. அவற்றைக் கொடுத்துவிட்டு உடம்பைக் கவனிக்காமல் விடுவதுதான் தவறு.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் 19,834 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாடளவில் குடும்பப் பிரச்சினைக்கு அடுத்துச் சொல்லப்படும் காரணம் நோய், 18.4 சதவீதம். புற்றுநோய், பக்கவாதம், மனநோய் எல்லாம் அந்த ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. ‘தீராத வயிற்று வலி’ என்று செய்தித்தாளில் ஒரு வரியில் முடிந்துபோகும் மரணங்களை மதுரைப் பக்கத்தில் எல்லாரும் படித்திருப்போம். அந்த வலியோடு எத்தனை ஆஸ்பத்திரிக்குப் போனார், எத்தனை பேர் அவரிடம் “உயிரோடு இருக்கப் பிடிக்கலைன்னு தோணுதா?” என்று கேட்டார்கள்? கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் வீண். கேட்பது பாரத்தை இறக்கவே உதவும். இதை வாசிக்கும் யாருக்கேனும் அப்படித் தோன்றினால் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 104 என்ற எண்ணும் இருக்கிறது.

தேசிய மனநல ஆய்வு 2015–16இல் கண்டபடி, மனநோய் உள்ளவர்களில் எழுபது முதல் தொண்ணூற்றிரண்டு சதவீதம் பேருக்கு, நோயின் வகையைப் பொறுத்து, எந்தச் சிகிச்சையும் கிடைப்பதில்லை. இந்த இடைவெளியை மனநல மருத்துவர்களை மட்டும் வைத்து அடைக்க முடியாது. மதுரையில் 1992இல் மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்றவை கிராமங்களுக்குப் போய் நீண்ட காலமாக உழைக்கின்றன. ஆனால் இது ஒரு நிறுவனத்தின் தோளில் வைக்கும் சுமையல்ல.

வழி மதுரையிலேயே இருக்கிறது. அரவிந்தில் கண் மருத்துவரின் வேலைகளில் பெரும்பங்கைச் செய்வது கிராமத்துப் பெண்கள். பள்ளிப்படிப்பு முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, பார்வையை அளப்பது முதல் அறுவை அரங்கில் உதவுவது வரை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அறுவைக்கு அஞ்சும் நோயாளியிடம் பேசிப் புரியவைப்பதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் தம்மால் மட்டுமே முடிந்த வேலையைச் செய்கிறார். மனநலத்திலும் இது நடக்கும் என்பதைக் கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் சோதித்துக் காட்டினார்கள். மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்கள் பயிற்சி பெற்று, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசியதிலேயே கடுமையான மனச்சோர்வு கணிசமாகக் குறைந்ததை 2017இல் லான்செட் வெளியிட்டது.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பெண்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அந்தந்த ஊர்ப் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்து, மாத்திரையைக் கையில் கொடுத்து வருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. எந்த வீட்டில் அடி விழுகிறது, எந்தப் பாட்டி ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். அகப்பாடலில் தோழி நின்ற இடம் அது. அவர்கள் கேட்பதற்கு உலகெங்கும் பயன்படும் இரண்டு கேள்விகள் போதும். “ரெண்டு வாரமா எதுலயும் நாட்டமில்லாம இருக்காக்கா?” “மனசு ஒடிஞ்சுபோய், இனி என்ன இருக்குன்னு தோணுதா?” ஆமாம் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் உட்கார்ந்து முழுதாக விசாரிக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் மாதத்தில் சில நாட்களாவது அங்கே வந்து அந்தக் குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை, சர்க்கரை மாத்திரை இருக்கும் அதே அலமாரியில் தட்டில்லாமல் இருக்க வேண்டும். தன்னார்வலருக்கு இதற்கெனத் தனி ஊக்கத்தொகை தர வேண்டும். இப்போதே குறைந்த தொகைக்கு நிறைய வேலை செய்கிற பெண்கள் அவர்கள். மற்றவர்களின் துயரத்தைத் தினமும் கேட்கிற வேலையை இனாமாகச் சுமத்துவது அவர்களையே நோயாளியாக்கும்.

மனநலப் புறநோயாளிப் பிரிவில் மாற வேண்டியது இதைவிடச் சிறியது. மனநோய்க்கு மாத்திரை வாங்க வரும் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகிய நான்கையும் பார்த்து அதே சீட்டில் எழுதுவது. கூடியிருந்தால் அன்றைக்கே, இன்னொரு நாள் வரச்சொல்லாமல், பொது மருத்துவரிடம் காட்டுவது. அதற்கு ஓர் எடை மெஷின், ஓர் அளவு நாடா, ஒரு பிபி கருவி, ஒரு சர்க்கரை மீட்டர் வேண்டும். அவற்றைக் கையாள ஒரு செவிலியர் வேண்டும்.